மூச்சு வாங்கும் இடம்

சந்தோஷத்தின் விலை நாற்பத்தைந்து. பழைய சாமான் கடைக்காரன் அறுபது சொன்னான். பெட்டியின் அடி ஈரம் கண்டிருக்கிறது, பாதி உறைகளுக்கு மூடியே இல்லை என்று தொட்டுக் காட்டி, ஒரு தடவை வாசல்வரை போய்த் திரும்பி, நாற்பத்தைந்துக்கு முடித்தேன். அட்டைப்பெட்டி நிறைய சிடிகள். அத்தனையும் யூரோடான்ஸ். என் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சும்மாவே குடுத்திருப்பான், அவனையும் அழ வச்சுட்டு வந்தீங்களா?" என்றாள். அவள் முகத்தில் அப்போது இருந்ததைத்தான் சந்தோஷம் என்கிறேன். நீங்கள் வேறு பெயர் வைத்திருந்தால் அதையே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த இசையை நீங்கள் கேட்டிருப்பீர்கள் ஐயா, பெயர்தான் தெரிந்திருக்காது. உடற்பயிற்சிக் கூடங்களில் போடுவார்கள், ராட்டினம் சுற்றும் இடங்களில் போடுவார்கள். கதவை உடைக்க வந்தவன் தட்டுவதைப்போல முரசு விடாமல் தட்டும். நடுவில் ஒருவன் ஏலம் போடுகிறவனைப்போல மூச்சுவிடாமல் பேசுவான். பிறகு ஒரு பெண் மொட்டை மாடியில் நின்றுகொண்டு ஊரையே கூப்பிடுவதைப்போலக் குரலெடுப்பாள். வா, எழுந்திரு, கையைத் தூக்கு. எந்த மொழியில் பாடினாலும் விஷயம் அவ்வளவுதான். நான் முப்பத்தைந்து வருடமாகத் திரைச்சீலைத் துணி விற்கிறவன். சாதாரணச் சரக்கை விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று காட்டும் வித்தை எனக்கு அத்துப்படி. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, இது அந்த வகைச் சரக்கு என்று.

ஆனால் விற்கும். அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் வியாபாரியே இல்லை. இரண்டு நிமிடம் உங்களை முரசோடு ஓடவிடுவார்கள். திடீரென்று முரசை நிறுத்திவிடுவார்கள். நீளமாக ஒரு இழுப்பு மட்டும் காற்றில் நிற்கும், அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி ஏதோ முணுமுணுப்பாள். உங்கள் கால் தரையில் நிற்காது, எப்போது வரும், எப்போது வரும் என்று தவிக்கும். அப்புறம் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து விழும். நானும் நல்ல துணியை விரித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்துவிடுவேன். வாடிக்கையாளர் எழுந்திருக்கும்போது மறுபடி விரிப்பேன். அதே வித்தைதான். என்னிடம் திரைச்சீலை வாங்கிக்கொண்டு போவார்கள். என் மனைவி போன ஆட்ட வகுப்பிலிருந்து வெறுங்கையோடு, வியர்வையோடு, சிரித்துக்கொண்டு போனார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று இப்போதே எழுதவேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன்.

என் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து, நடக்கலாம், மெதுவாக ஆடலாம், துடிப்பு நூற்றுப் பத்தைத் தாண்டக்கூடாது என்று டாக்டர் சொன்னார். பதினான்கு வார வகுப்பு ஒன்றையும் அவரே எழுதிக் கொடுத்தார். மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணி. பதினான்கு பேர், அத்தனை பேரும் நெஞ்சில் தையல் போட்டவர்கள். நடத்தினவள் முன்பு மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு பெண். எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட.

டீச்சரிடம் ஒரு முறை இருந்தது. கையில் துடிப்புக் காட்டும் கடிகாரம் கட்டவிடமாட்டாள். இதய நோயாளிக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே படபடப்பு ஏறிவிடும் என்பாள். அதற்குப் பதிலாகப் பாட்டையே அளவாக வைத்தாள். நான் வகுப்புக்கென்று வாங்கிவந்த பெட்டியிலிருந்து ஐந்து பாட்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் அளந்து, ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். நிமிடத்துக்கு நூற்று இருபத்தாறு தட்டு. இரண்டு தட்டுக்கு ஒரு அடி எடுத்து வைக்கவேண்டும், அதற்கு மேல் கூடாது. நடுவில் முரசு நிற்கிறதே, அதற்கு மூச்சு வாங்கும் இடம் என்று பெயர் வைத்திருந்தாள். முப்பத்திரண்டு விநாடி. அப்போது அசையாமல் நின்று, கழுத்தில் இரண்டு விரல் வைத்துத் துடிப்பை எண்ணவேண்டும். அதிகமாக இருந்தால் உட்கார்ந்துவிடவேண்டும். "பாட்டு உங்களைப் பாத்துக்கும், நீங்க பாட்டை விட்டுப் போகாதீங்க, அவ்வளவுதான்" என்பாள்.

புத்திசாலித்தனமான முறை. ஒரே ஒரு ஓட்டை. சீட்டு ஒட்டிய பிறகு யாரும் மறுபடி அளப்பதில்லை. எங்கள் தொழிலில் பிறந்தவனுக்கு அது பால்குடி வயதிலேயே தெரியும்.

பாட்டு போடும் வேலை என்னுடையது. தினமும் மனைவியைக் காரில் கொண்டுவந்து விடுகிறேன், ஒரு மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் டீச்சரே கேட்டாள். சிடிகளைக் கணினியில் ஏற்றி ஒரு பென் டிரைவில் போட்டுக்கொடுத்தேன். கடைக்கு விளம்பரம் நானே பேசிப் பதிவு செய்கிறவன். ஒலிபெருக்கி வண்டிக்காரன் முப்பது விநாடிதான் தருவான், எனக்கு நாற்பது விநாடிப் பேச்சு இருக்கும். குரல் கீச்சென்று மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டுவது எப்படி, இரண்டு சொல்லுக்கு நடுவில் இருக்கும் மூச்சைத் தடம் தெரியாமல் வெட்டுவது எப்படி என்று பல வருடங்களுக்கு முன்பே கற்றுக்கொண்டேன். அப்போது எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவரோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் என் நாற்காலி. அங்கிருந்து பார்த்தேன். முப்பத்தொரு வருடம் என் கடையில் முழம் போட்டவள், என் மீட்டர் கோலுக்கு அந்தப் பக்கம் நின்றவள். நான் பேசினால் அவள் பேசமாட்டாள், நான் பேசாவிட்டாலும் பேசமாட்டாள். அது அவள் சுபாவம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கூடத்தில் முரசு வந்து விழும்போது அவள் இரண்டு கையையும் தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடைய காலை மிதித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள். "என்னம்மா, முத்திரை குத்துறீங்களா?" என்றார் அவர். "இன்னும் ஒண்ணு குத்தவா?" என்றாள் இவள். வீட்டில் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் அந்தப் பேச்சையெல்லாம்?

ஒரு தடவைகூட என் நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை, காரில் வரும்போது சொன்னாள். இன்னும் வியர்வை காயவில்லை.

"ஏங்க, வகுப்பு முடிஞ்சதும் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"எத்தனை நாள்?"

"நாள் கணக்கு இல்லைங்க. அங்கேயே இருந்துடறேன். பயணம் போகலாம்னு டாக்டர் சீட்டு குடுக்கணும். பதினாலு வாரம் நல்லா ஆடினா குடுத்துடுவாராம்."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கோபப்படவில்லை. பேரத்தில் கோபப்படுகிறவன் முதலிலேயே தோற்றவன். ஞாயிற்றுக்கிழமை கடையை மூடுகிறேன் என்றேன். வேண்டாங்க என்றாள். வீட்டுக்கு வேலைக்கு ஆள் வைக்கிறேன் என்றேன். வேண்டாங்க. நான் ஏதாவது தப்பு செய்தேனா என்றுகூடக் கேட்டேன், அவ்வளவு தூரம் இறங்கினேன். "தப்புன்னு எடுத்துச் சொல்ல ஒண்ணுமில்லைங்க. அங்க போய் ஆடும்போதுதான் தெரிஞ்சது, இத்தனை நாளா நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கேன்னு" என்றாள். அப்புறம் கார் ரேடியோவைத் திருகிப் பாட்டுத் தேடினாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆள் என்னிடம் விலையே சொல்லவில்லை. விலை சொல்லாதவரிடம் எப்படிப் பேசுவது? அந்தப் பாட்டு அவளைக் கெடுத்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன். இது நியாயமான முடிவு. போன வாரம்வரை இருந்த மனுஷி இந்த வாரம் இல்லை, நடுவில் புதிதாக வந்தது அது ஒன்றுதான்.

அவளுக்குக் கெடுதல் செய்ய நான் நினைக்கவில்லை ஐயா. களைத்துப்போகட்டும் என்று நினைத்தேன். களைத்தால் வகுப்பு கசக்கும், டாக்டர் சீட்டு தரமாட்டார், அவள் வீட்டில் இருப்பாள். மூன்றாவது வாரம் ஐந்து பாட்டுகளையும் நூற்று இருபத்தெட்டு ஆக்கினேன். யாருக்கும் தெரியவில்லை. நாலாவது வாரம் நூற்று முப்பது. டீச்சர் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் தைரியம் சொன்னாள். அட்டை நூற்று இருபத்தாறிலேயே நின்றது, பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

வேகம் கூடினால் மனிதர்கள் சுணங்குவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். இந்தச் சரக்கைப் பற்றி நான் போட்ட கணக்கில் அது ஒன்றுதான் பிசகு. அவர்கள் மலர்ந்தார்கள். தையல் போட்ட பதினான்கு நெஞ்சும் நிமிர்ந்தது. "டீச்சர், எங்களுக்கு வயசு குறையுது" என்றார் தபால்காரர். என் மனைவி வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூடக் குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே ஐந்தாவது வாரத்திலிருந்து மூச்சு வாங்கும் இடத்தில் கைவைத்தேன். வாரத்துக்கு நாலு விநாடி. முப்பத்திரண்டு இருபத்தெட்டாயிற்று, பிறகு இருபத்துநாலு.

இதிலே ஒரு வேடிக்கை நடந்தது. கழுத்தில் விரல் வைத்து எண்ணுகிறார்களே, எண்ணி முடிப்பதற்குள் முரசு திரும்பி வந்துவிடும். அவர்கள் தங்கள் துடிப்பை விட்டுவிட்டு, அடி வைத்த பழக்கத்தில் இரண்டு தட்டுக்கு ஒன்றாக முரசை எண்ண ஆரம்பித்தார்கள். ஆளாளுக்கு ஒரே எண்ணைச் சொன்னார்கள். எல்லோரும் ஒன்றுபோல் இருக்கிறார்கள் என்று டீச்சர் பூரித்துப்போனாள். அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். "சார், இந்த இடைவெளி முன்ன கொஞ்சம் நீளமா இருந்த மாதிரி இல்லை?" என்று கேட்டாள். "நல்லா ஆடுறவங்களுக்கு ஓய்வு சின்னதாத்தான்மா தெரியும்" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

ஏழாவது வாரம், இருபது விநாடி இருக்கும்போது, தபால்காரர் விழுந்தார். மூன்றாவது பாட்டு. கையைத் தூக்கியபடியே பக்கவாட்டில் சாய்ந்தார், பக்கத்தில் இருந்தவர்கள் அதையும் ஆட்டம் என்றே நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். அவருக்கும் எனக்கும் எந்தப் பகையும் கிடையாது. நல்ல மனிதர், வாசலில் என் செருப்பைக்கூட ஓரமாக நகர்த்தி வைப்பார். எட்டாவது வாரம் வகுப்பு இல்லை. டீச்சர் அழுது அழுது முகம் வீங்கி, அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நூத்தி இருபத்தாறுதானே சார், நூத்தி இருபத்தாறுதானே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வகுப்பையே நிறுத்திவிடுகிறேன் என்றாள்.

நான்தான் தேற்றினேன். "உங்க மேல ஒரு தப்பும் இல்லைம்மா. அவர் நேரம் அது. மத்தவங்களை நடுத்தெருவுல விடாதீங்க" என்று சொன்னேன். அன்று மாலை என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பேசலைன்னா டீச்சர் விட்டிருப்பாங்க. ரொம்ப நன்றிங்க" என்றாள். பல வருடத்துக்குப் பிறகு அவளாக என் கையைப் பிடித்தது அது. நான் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். உடனே அடுத்த வார்த்தை சொன்னாள். "இன்னும் ஆறு வாரம்தான். டிக்கெட் எடுத்துட்டேன்."

தபால்காரருக்கு மரியாதையாக அந்த ஒரு வாரம் எதையும் தொடவில்லை. ஒன்பதாவது வாரம் பதினாறு விநாடி. பத்தில் பன்னிரண்டு. வேகம் நூற்று முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. அவள் போக மீதி பன்னிரண்டு பேரையும் பற்றி நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் எல்லோருக்கும் நெஞ்சு வலித்திருக்கலாம். கேட்டுப் பார்க்கவில்லை. ஒரு ஆளுக்காகக் கடை திறந்தால் தெருவில் போகிறவர்களும் உள்ளே வரத்தான் செய்வார்கள்.

பதின்மூன்றாவது வாரம் ஞாயிறு மதியம், சாப்பிட்ட பிறகு, கணினி முன்னால் உட்கார்ந்து கடைசி நாலு விநாடியையும் எடுத்தேன். மூச்சு வாங்கும் இடம் இப்போது இல்லை. முரசும் முரசும் ஒட்டிக்கொண்டன. தையல் தெரியாத வேலை. அவள் பக்கத்து அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவர் வழியாகக் கேட்டுவிட்டு, "அட, இந்த வாரம் பாட்டு பறக்குதே" என்றாள்.

"புதுசா மாத்தியிருக்கேன். பிடிச்சிருக்கா?"

"ரொம்ப."

டாக்டர் சொன்ன நூற்றுப் பத்து என் நினைவில் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. களைப்பதற்கு நூற்றுப் பத்து போதும் என்பதும், நான் எப்போதோ அதைத் தாண்டிவிட்டேன் என்பதும் நினைவில் இருந்தன.

திங்கட்கிழமை பாதியில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் உட்காரவில்லை. புதன்கிழமை நாலாவது பாட்டு முடிந்தபோது உதடு வெளுத்திருந்தது. டீச்சர் போதும் என்று கை காட்டினாள். அவள் திரும்பி, ஐயா, அன்றுதான் முதல் தடவையாக என் நாற்காலியைப் பார்த்து, "இன்னொண்ணு போடுங்க" என்றாள். போட்டேன். அவள் கேட்டு நான் போட்டேன். இரண்டாவது நிமிடத்தில், முரசு நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அவள் நின்றுவிட்டாள். ஆம்புலன்ஸ் பதினோரு நிமிடத்தில் வந்தது. நான் போய்ப் பாட்டை நிறுத்தவில்லை என்று டீச்சர் உங்களிடம் சொன்னாளாம். உண்மைதான். எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் இதயம் என்று எழுதினார். நீங்களும் அதைப் பார்த்து வழக்கை மூடினீர்கள். அத்தோடு நானும் இருந்திருப்பேன். என் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை, அனுதாபம்தான். கொழுந்தியாள் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். "அக்கா போன் பண்ணா சிரிப்புதான் மாமா. மூச்சு வாங்கிக்கிட்டே சிரிப்பா. அந்தப் பாட்டுதான் அவளுக்கு உசிரு. உசிரோடவே போயிட்டா" என்றாள். சரி, பெண்பிள்ளைப் பேச்சு என்று விட்டேன். போன திங்கட்கிழமை, மிச்சச் சாமானை எடுக்க அந்தக் கூடத்துக்குப் போனேன். என் மனைவியின் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள், கையைத் தூக்கிய படம். டீச்சர் பழைய சிடியிலிருந்து அவளுடைய பாட்டைப் போட்டாள், முப்பத்திரண்டு விநாடியும் முழுசாக. எல்லோரும் நின்று, கண்ணை மூடி, முரசு திரும்பி வந்ததும் கையைத் தூக்கினார்கள். "சந்தோஷத்துல போனாங்க சார், அந்தப் பாட்டுதான் அவங்களைக் கூட்டிட்டுப் போச்சு" என்றாள் டீச்சர்.

அதனால்தான் வந்தேன். பாட்டு கூட்டிக்கொண்டு போகவில்லை. நான் கொண்டுவந்திருக்கும் இந்தப் பெட்டியில் சிடியும் இருக்கிறது, பென் டிரைவும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள், வித்தியாசம் முழுவதும் என் கை. தபால்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. அவளைக் கொன்றது நான். காரணம் என்ற இடத்தில் இசை என்று ஒரு எழுத்துக்கூட வரக்கூடாது. கணவன் என்று எழுதுங்கள். அவள் மேல் இவ்வளவு அக்கறையாக, வாரம் தவறாமல் உட்கார்ந்து வேலை பார்த்தவன் வேறு யார்?

கடைசியாக ஒன்று, இதையும் கையெழுத்துக்கு மேலேயே எழுதிவிடுங்கள். எட்டாவது வாரம் போக, அவள் அந்தக் கூடத்துக்கு வந்தது முப்பத்தைந்து காலை. ஒரு காலைக்கு ஆறு தடவையாவது வாய்விட்டுச் சிரித்தாள், நான் எண்ணினேன். இருநூற்றுப் பத்து. முப்பத்தொரு வருடத்தில் என் எதிரில் அப்படிச் சிரித்தது ஏழு தடவை, அதில் இரண்டு நான் ஏணியிலிருந்து விழுந்தபோது. அந்த ஏழைக் கழித்துவிட்டேன். மீதி இருநூற்று மூன்று. அது எனக்கு வரவேண்டியது.